மூன்று பிள்ளைகள், நான்கு நிழல்கள்

ஓரின் டார்வர் எங்கள் கிளை நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்கு வேலைக்கு வந்த அன்று நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். கதவை அடைக்கிற தோள், நிலைப்படியில் குனிந்து வரவேண்டிய உயரம், முழங்கை வரைக்கும் பழைய தீக்காயத் தழும்புகள். வார்ப்படப் பட்டறையில் இரும்பு உருக்கிக்கொண்டிருந்த மனுஷன். பட்டறை ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது மற்றவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள், குடிக்கப் போனார்கள். இவன் கல்லூரிக்குப் போய் நூலகப் படிப்பு முடித்துவிட்டு வந்து நிற்கிறான். மூன்று வயசுப் பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியில் அவன் உட்கார்ந்ததும், "அந்த நாற்காலி பாவம்யா," என்றேன்.

"நாற்காலி ஒண்ணும் சொல்லல லாலா. நீதான் சொல்ற," என்றான்.

என் பெயர் யூலாலியா. ஞானஸ்நானத்துக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் முழுசாகச் சொன்னதில்லை. புத்தகம் எடுத்துப்போகிறவர்களுக்கு முத்திரை குத்திக் கொடுக்கிற மேசை என்னுடையது. எங்கள் சாகினா ஊரை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குக் கரையில் பட்டறை வேலைக்கு வந்த கறுப்புக் குடும்பங்கள், சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு வயலுக்கு வந்த எங்களைப் போன்ற மெக்சிகோக்காரர்கள், வீட்டை விற்க மனசில்லாத சில கிழட்டுப் போலந்துக்காரர்கள். மேற்குக் கரையில் வெள்ளைக்காரர்கள். நடுவில் பாலங்கள் இருக்கின்றன. கடக்கிறவர்கள்தான் குறைவு.

நூலகத்தில் வருஷம் ஒருமுறை களையெடுப்பு நடக்கும். எங்கள் வீட்டில் ஐந்து வயசிலேயே கையில் களைக்கொத்தைக் கொடுத்துவிடுவார்கள், அதனால் அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. களை எது, பயிர் எது என்று தெரியாதவனை வயலில் இறக்காதே என்பார் என் அப்பா. நூலகத்தின் விதியோ வேறு. கிழிந்தது, கறை பட்டது, முதுகு ஒடிந்தது எல்லாம் வெளியே. சுத்தமாக இருப்பது அலமாரியிலேயே இருக்கும். ஓரின் வந்த முதல் வசந்தத்தில் மேலிடத்தில் நல்ல பெயர் வாங்கவேண்டும் என்று முழு மூச்சாக இறங்கினான். கையில் எடுப்பான், முதுகைப் பார்ப்பான், 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்துவான், பக்கத்திலேயே தன் பெயரின் முதலெழுத்துகளைக் கிறுக்குவான், பெட்டியில் போடுவான். உள்ளே புரட்டிப் பார்க்க நேரமில்லை. பெட்டிகளை வாசல் படியில் வைத்தோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அந்த வாரம் பூராவும் மழை. மிச்சத்தைக் குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போனது.

அடுத்த இலையுதிர் காலத்தில் மிஸ் வெர்லீன் மேப்ரி வந்தார்.

அவரை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஆட்களை இருக்கைக்கு அழைத்துப்போகிறவர். அவர் கை காட்டுகிற இடத்தில் மேயரே ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அன்றைக்கு என் மேசை முன்னால் நின்று என் காதைப் பார்த்துப் பேசினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"கண்ணு, ஒரு பழைய பிள்ளைங்க புத்தகம் வேணும். மஞ்சள் அட்டை. உள்ள, வீட்டுப் படியில நாலு பிள்ளைங்க உட்கார்ந்திருப்பாங்க. வரைஞ்ச படம் இல்ல, போட்டோ. 'ஏழாம் தெருச் சனிக்கிழமை'ன்னு பேரு."

நான் ஓரினைக் கூப்பிட்டேன். பிள்ளைகள் புத்தகம் என்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. சிரித்துக்கொண்டே வந்தவன், பெயரைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினான்.

"கடைசிப் பக்கத்துல மட்டும் ரிப்பன் கட்டின பொண்ணு ஒண்ணு இருக்கும் மகனே. அது என் தங்கச்சி டெஸ்ஸா."

பிறகு அவர் சொன்னார். மிஸ் வெர்லீன் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மேற்குக் கரையிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருத்தி கேமராவும் கையுமாக ஏழாம் தெருவுக்கு வந்தாள். ஒரு கோடை முழுக்கப் பிள்ளைகளைப் படம் பிடித்தாள். ஒரு போலந்துப் பையன், ஒரு மெக்சிகோப் பெண், லெபனான் கடைக்காரர் மகன், கறுப்புப் பிள்ளை டெஸ்ஸா. நான்கு பேரும் ஒரே படியில். அந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தில் அப்படி ஒரு படத்தை யாரும் கண்டிருக்கமாட்டார்கள். புத்தகம் அச்சாகி வந்தபோது டெஸ்ஸா உயிரோடு இல்லை. அந்தக் குளிர்காலத்தில் கணப்படுப்பிலிருந்து தீப்பிடித்து வீடு எரிந்துபோனது. வீட்டிலிருந்த போட்டோ அத்தனையும் கூடவே போயின.

"அன்னிக்கு ராத்திரி நான் எங்க அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன்," என்றார். "டெஸ்ஸா தனியாப் படுக்கமாட்டா. பயம். என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. அன்னிக்குத் தனியாப் படுத்தா."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"இத்தனை வருஷமா ஏன் மிஸ் வெர்லீன் வந்து பார்க்கல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் வாய் அப்படி.

"புத்தகம் இங்க இருக்குன்னு தெரியும். திறக்கத் தெம்பில்ல. இருக்கு, அது போதும்னு இருந்துட்டேன். இப்போ கண் டாக்டர் என் பார்வைக்கு நாள் குறிச்சுட்டார். நடுவுல ஓட்டை விழுந்துட்டே வருது கண்ணு. உன் காது தெரியுது, கொண்டை தெரியுது, மூஞ்சி இல்ல. சர்ச்சுல எல்லாரையும் தொப்பியை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறேன். தலையைச் சாய்ச்சு, பூதக்கண்ணாடி வெச்சா இன்னும் கொஞ்சம் பிடிபடுது. அதுவும் போறதுக்குள்ள அவளைப் பார்த்துடணும். டெஸ்ஸா மூஞ்சி எனக்கு மனசுலயும் மறந்துபோச்சு. சாக்ஸ் ஞாபகம் இருக்கு. மூஞ்சி இல்ல."

"தேடித் தர்றேன் மிஸ் வெர்லீன்," என்றான் ஓரின்.

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் என் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான்தான் லாலா. அட்டை போயிருந்துச்சு. முதுகு முழுக்க ஒட்டுப்பட்டை. பக்கமெல்லாம் ஜாம் கறை. உள்ள பேரைக் கூடப் பார்க்கல, இன்னிக்கு அலமாரியில அது இல்லேன்னதும்தான் புரிஞ்சுது. சின்ன வயசுல நான் அதை இந்த ரூம்லயே உட்கார்ந்து படிச்சவன். என் நிறத்துல ஒரு பிள்ளையைப் புத்தகத்துல நான் முதல்முதலாப் பார்த்தது அந்தப் பொண்ணைத்தான். அவளை என் கையாலயே தூக்கிப் போட்டிருக்கேன்."

"நூலகத்துல ஒண்ணுதான் இருக்குமா? ஊர்ல வேற எங்கேயும் இருக்காதா?" என்றேன்.

"இருக்கும். இருந்தே ஆகணும்," என்றான்.

அன்றிலிருந்து ஓரின் டார்வரின் வாழ்க்கை அந்தத் தேடல்தான். சனிக்கிழமை ஆனால் தன் பழைய வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்கிறவர்கள், செத்தவர் வீட்டுப் பொருட்களை ஏலம் விடுகிறவர்கள், சர்ச் நிலவறை, பூட்டப்போகிற பள்ளிக்கூடம் என்று ஒன்று விடமாட்டான். பிளின்ட், லான்சிங், டெட்ராய்ட் வரைக்கும் போவான். அந்தப் புத்தகம் கிடைக்காது. வேறு புத்தகங்களோடு வருவான். சீனச் சலவைக்கடைப் பிள்ளைகள், செவ்விந்தியக் குடியிருப்புப் பிள்ளைகள், பருத்திக்காட்டுக் கறுப்புப் பிள்ளைகள், ஜப்பானியத் தோட்டக்காரரின் பிள்ளைகள். வீடு நிறைந்தது. சோபாவில் புத்தகம், அடுப்பு மேடையில் புத்தகம். அவனுடைய அக்கா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "இவனுக்குப் பொண்டாட்டி வந்தா வேன்லதான் படுக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பொண்டாட்டி வரவில்லை.

வெறுமனே சேர்த்து வைக்கிறவன் இல்லை. ஒவ்வொன்றையும் பாடம் படிப்பதுபோலப் படிப்பான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் சாண்ட்விச் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பான்.

"இங்க பாரு லாலா. நம்ம பிள்ளைங்க எப்பவும் பக்கத்தோட ஓரத்துல. கையில ஏதாவது சுமக்குது. இல்லேன்னா ஆடுது. கட்டில்ல படுத்துத் தூங்குற மாதிரி ஒரு படம் காட்டு பார்க்கலாம். வெள்ளைக்காரப் பிள்ளைங்க எல்லாம் தூங்குது, கரடிப் பொம்மையைக் கட்டிக்கிட்டு. நம்ம பிள்ளைங்களுக்குத் தூக்கமே வராதா?"

நான் அவன் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன். பெரிய தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, கள்ளிச்செடி அடியில் ஒரு மெக்சிகோப் பையன் குறட்டை விடுகிறான். "இந்தா, தூங்குறான் பாரு. எங்க ஆளு."

ஓரின் மேசையைத் தட்டிச் சிரித்தான். எனக்கு எரிச்சல்தான். எங்கள் சாகினாவில் கள்ளிச்செடி எங்கே இருக்கிறது? பனியில் என் அப்பா பீட் கிழங்கு பிடுங்கிய கை வெடித்து ரத்தம் கசியும். அதை எந்தப் புத்தகக்காரனும் வரையவில்லை.

இன்னொன்றையும் அவன் கண்டுபிடித்தான். அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. அவன் வீட்டிலிருந்த புத்தகங்கள் பெரும்பாலும் மேற்குக் கரை மாதிரி இடங்களிலிருந்து வந்தவை. கறுப்புப் பிள்ளை, பழுப்புப் பிள்ளை படம் போட்ட புத்தகங்களை அந்தப் பள்ளிகள் ஒன்றிரண்டு வாங்கி வைத்தன. யாரும் தொடவில்லை. அதனால் புதுசாகவே இருந்தன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளோ அதே புத்தகத்தை அடித்துப் பிடித்து, எச்சில் தொட்டு, தலையணைக்கு அடியில் வைத்து, கிழித்துக் கந்தலாக்கினார்கள். நாங்கள் கந்தல் என்று தூக்கிப் போட்டோம்.

"விரும்பினதெல்லாம் போச்சு. யாருக்கும் வேண்டாததுதான் மிச்சம்," என்றான். "ஊர் ஊரா, ஒவ்வொரு நூலகத்துலயும் என்னை மாதிரி ஒருத்தன் உட்கார்ந்து இதைச் செஞ்சிருக்கான்."

அந்தக் குளிர்காலத்தில்தான் குழந்தைகள் அறையைப் பற்றிய பேச்சு கிளம்பியது. டிசம்பரில் எங்களுக்கு நாலரை மணிக்கே இருட்டிவிடும். பிள்ளைகளெல்லாம் போன பிறகு நான் அறையை ஒழுங்குபடுத்துவேன். சின்ன நாற்காலிகளை மேசைக்குள் தள்ளிவிட்டு வருவேன். விளக்கை அணைக்கத் திரும்பிப் போனால் ஒரு நாற்காலி மட்டும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஒருநாள் இல்லை, பல நாள். கூட்டுகிறவன் செய்திருப்பான் என்று நினைத்துக் கேட்டேன். அவன் அந்த அறைக்கு விடியற்காலையில்தான் போகிறானாம்.

ஓரினிடம் சொன்னேன். "தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"யாரோ பக்கம் புரட்டுற சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தா யாரும் இருக்கமாட்டாங்க. நாற்காலியை அப்படியே விட்டுடு லாலா. திருப்பி உள்ள தள்ளாதே."

நான் பேய் பிசாசு என்று பயந்து சாகிறவள் இல்லை. பேயைவிட மோசமான மனுஷர்களை மேசைக்கு அந்தப் பக்கம் தினம் பார்க்கிறேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு அந்த விளக்கை அணைக்க நான் தனியாகப் போனதில்லை. நாற்காலியையும் உள்ளே தள்ளவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. மிஸ் வெர்லீன் மாதம் ஒருமுறை வருவார். முதலில் தனியாக, பிறகு தடியோடு, பிறகு அண்டை வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு. "கிடைச்சாளா மகனே?" என்பார். கிடைத்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "இன்னும் இல்ல மிஸ் வெர்லீன்," என்பான். அவர் போன பிறகு ஒரு மணி நேரம் அவனிடம் யாரும் பேச முடியாது.

ஒரு ஜூன் மாதம் மேற்குக் கரையைத் தாண்டி ஒரு பழைய பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள், அதன் புத்தகங்களை விற்கிறார்கள் என்று தெரிந்தது. துணைக்கு நானும் போனேன். உடற்பயிற்சிக் கூடத்தில் நீள மேசைகள். நான் சமையல் புத்தகங்கள் பக்கம் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஓரின் ஒரு மேசை முன்னால் கையைத் தொங்கப்போட்டு நிற்கிறான். மேசையில் மஞ்சள் அட்டை. அதைத் தொடாமலே நின்றுகொண்டிருந்தான்.

நான்தான் எடுத்தேன். பளபளவென்று இருந்தது. பின்னட்டையில் எடுத்துப்போன தேதி குத்துகிற தாள் வெறுமையாக இருந்தது. அந்தப் பள்ளி இருந்த காலம் பூராவும் ஒரு பிள்ளை கூட அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வேனுக்குள் வந்து உட்கார்ந்தோம்.

"நீ திற," என்றான்.

கடைசிப் பக்கம். வீட்டுப் படி. போலந்துப் பையன், மெக்சிகோப் பெண், லெபனான் கடைக்காரர் மகன். மூன்று பேர். நான் முந்தின பக்கத்தைப் பார்த்தேன், மறுபடி திருப்பினேன். மூன்று பேர்தான். போலந்துப் பையனுக்குப் பக்கத்தில் செங்கல் சுவர். அந்த இடத்துச் செங்கல் மட்டும் கொஞ்சம் அதிக ஒழுங்காக இருந்தது.

"நல்லாப் பாரு," என்றான் ஓரின். "அந்தப் பையன் கையைப் பாரு."

பையனின் வலது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. விரல்கள் மடங்கி எதையோ பிடித்திருந்தன. அந்தக் கைக்குள் ஒன்றுமில்லை. பிறகு நான் தரையைப் பார்த்தேன். சாயங்கால வெயில் படியில் நீளமாக விழுந்திருந்தது. தரையில் நான்கு நிழல்கள். நான்காவது நிழலின் தலையில் ரிப்பன் முடிச்சு பட்டாம்பூச்சியாக விரிந்திருந்தது.

ஜூன் மாத வெயிலில் வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

இந்த மாதிரி நடப்பதை அவன் மற்றப் புத்தகங்களிலும் பார்த்திருக்கிறானாம். முதல் அச்சைச் சில ஊர்ப் பள்ளிகள் வேண்டாமென்று திருப்பி அனுப்பும். கறுப்புப் பிள்ளையின் கையை வெள்ளைப் பிள்ளை பிடித்திருக்கிறதே என்று. பதிப்பகம் இரண்டாம் அச்சில் சரிசெய்து கொடுத்துவிடும். யாரோ ஒருத்தன் மேசையில் உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் அவளை அழித்து, அவள் இருந்த இடத்தில் செங்கல் செங்கலாக வரைந்திருக்கிறான்.

"நிழலை மறந்துட்டான் சனியன்," என்றேன்.

"மறந்தானோ, அழிக்க மனசு வரலையோ," என்றான் ஓரின்.

இதை மிஸ் வெர்லீனிடம் காட்டக் கூடாது என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். "ஒரு தடவை தூக்கிப் போட்டாச்சு. இப்போ அவங்க கண் முன்னாலயே அழிச்சதை வேற காட்டணுமா?"

"உன் பயத்துக்காக மறைக்காதே," என்றேன். "அவங்க தங்கச்சி. உன் தங்கச்சி இல்ல."

கோபம் வந்துவிட்டது அவனுக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தான். சர்ச் முடிந்து கீழ்த்தளத்தில் கீரையும் சோள ரொட்டியும் சர்க்கரைவள்ளிப் பணியாரமும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மிஸ் வெர்லீனை ஒரு மூலைக்கு அழைத்துப்போய் முதலில் விஷயத்தைச் சொன்னான். களையெடுப்பையும் சேர்த்துச் சொன்னான், அவளைத் தூக்கிப் போட்டது தான்தான் என்று. அவர் கையுறையைக் கழற்றி, பூதக்கண்ணாடியை எடுத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணோரத்தால் பக்கத்தின் மேல் வெகுநேரம் நகர்ந்தார். கண்ணாடி தரைப்பகுதிக்கு வந்து நின்றது.

"ரிப்பன் இருக்கு," என்றார்.

"ஆமா மிஸ் வெர்லீன்."

"அது நான் கட்டின ரிப்பன். அவளுக்குக் கட்ட வராது." புத்தகத்தை மூடி அவன் கையில் கொடுத்தார். "அழிச்சவங்களுக்குக் கணக்கு மேல இருக்கு. நீ தூக்கிப் போட்டதுக்கு நீ தேடுறே, அது போதும். மூஞ்சியைத் தேடு மகனே. நிழல் எனக்கு ஏற்கெனவே இருக்கு."

அதற்குப் பிறகுதான் ஓரினுக்குப் புத்தி வந்தது. அவனே சொன்னான். சுத்தமான அலமாரிகளிலேயே தேடிக்கொண்டிருந்தானாம். அங்கே கிடைப்பது அழித்த அச்சுதான். அவள் இருக்கிற அச்சு எங்கள் பக்கத்தில்தான் கந்தலாகக் கிடக்கவேண்டும். முடி வெட்டும் கடை, சலவைக்கடை, மருத்துவமனை வரவேற்பறை என்று பிள்ளைகள் காத்திருக்கும் இடமெல்லாம் போய்ப் பொம்மைக் கூடைகளைக் கிளறினான். "கூடைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ஒரு ராட்சசன்" என்று ஊரே சிரித்தது. அவன் பாட்டுக்குத் தேடினான். அதற்குள் மிஸ் வெர்லீனுக்குக் கண்ணோரமும் மங்க ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் கண்டது நான். இத்தனைக்கும் தேடவே இல்லை. நியேவெஸ் என்று எனக்கு ஒரு சிநேகிதி. அவள் மகளுக்கு நான் ஞானத்தாய், ஆகவே நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் வீட்டில் தமாலே செய்யக் கூடியிருந்தோம். கொழுக்கட்டை மாதிரி அவிப்பதற்காகச் சோளமாவைச் சோளத்தோலில் தடவிக்கொண்டிருந்தபோது, கம்பளத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரு புத்தகத்துக்காக முடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கடா அதை," என்று அதட்டினாள் நியேவெஸ். "தினம் இதே ரோதனை கொமாத்ரே. வீடு நிறையப் புதுப் புத்தகம் இருக்கு. இந்தக் கந்தலுக்குத்தான் சண்டை."

அட்டை இல்லை. முதுகில் ஒட்டுப்பட்டை, அதன் மேல் இன்னொரு ஒட்டுப்பட்டை. மாவுக் கையோடேயே அதை எடுத்தேன். "இது எங்க கிடைச்சுது?"

"உங்க நூலக வாசல்லதான். பெட்டியில மழையில நனைஞ்சுட்டு இருந்துச்சு. அடுப்புப் பக்கத்துல வெச்சுக் காயவெச்சேன். எந்தக் காலத்துக் கதை, இப்ப என்ன அதுக்கு?"

கையைக் கூடக் கழுவாமல் ஓரினைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பனியில் கோட்டு கூடப் போடாமல் வந்து சேர்ந்தான். முதல் பக்கத்தைத் திறந்தான். 'நீக்கப்பட்டது.' பக்கத்தில் அவனுடைய இரண்டு எழுத்துகள். அவன் தூக்கிப் போட்ட அதே புத்தகம், அவன் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, இத்தனை வருஷமாக.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். போலந்துப் பையனின் கைக்குள் ஒரு சின்னக் கை இருந்தது. கவுன் இருந்தது, சாக்ஸ் இருந்தது, ரிப்பன் இருந்தது. முகம் மட்டும் இல்லை. முகம் இருந்த இடம் தேய்ந்து, மசி போய், வெள்ளைத் தாள் பஞ்சுபோல எழும்பியிருந்தது.

"இங்க யாரு கிழிச்சா?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"யாரும் கிழிக்கல கொமாத்ரே," என்றாள் நியேவெஸ், நான் ஏன் கத்துகிறேன் என்று புரியாமல். "வர்ற பிள்ளை ஒவ்வொண்ணும் அங்கதான் விரலை வெச்சு 'இது நான்'னு சொல்லும். உடனே அடுத்தது 'இல்ல, நான்'னு விரலை வெக்கும். அதுக்குத்தான் சண்டையே. மத்தியானம் பாயில படுக்கறப்போகூட இதைத் தொட்டுக்கிட்டே தூங்குறதுங்க இருக்கு. எத்தனை பிள்ளைங்க, எத்தனை வருஷம். மூஞ்சி எங்கிருந்து இருக்கும்?"

ஓரின் கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. பிள்ளைகள் சண்டையை மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நானும் வெச்சிருக்கேன் லாலா," என்றான். "சின்ன வயசுல. நானும் அங்கதான் விரல் வெச்சேன்."

மறுநாள் மிஸ் வெர்லீன் வீட்டுக்குப் போனோம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் வருவது தெரியும், அவ்வளவுதான் இப்போது. எங்கள் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். "கிடைச்சாளா மகனே?"

"கிடைச்சா," என்றான். பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்தான். அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து, போலந்துப் பையன் கையிலிருந்து மெதுவாக நகர்த்தி, அந்த இடத்தில் வைத்தான்.

"வழவழன்னு வந்துச்சு, இங்க பஞ்சு மாதிரி இருக்கே. என்ன இது?"

நான் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஓரினே சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. முகம் இல்லை என்றான். ஏன் இல்லை என்றும் சொன்னான். பாயில் படுக்கிற பிள்ளைகள் அதைத் தொட்டுக்கொண்டே தூங்குவதையும் சொன்னான்.

மிஸ் வெர்லீன் விரலை எடுக்கவில்லை. அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"எல்லா மத்தியானமுமா?" என்று கேட்டார்.

"எல்லா மத்தியானமும்னு நியேவெஸ் சொல்றா."

"அப்போ அவ தனியாப் படுக்கல," என்றார்.

நாங்கள் எழுந்தபோது புத்தகத்தை மூடி அவன் பக்கம் நீட்டினார். அது அவருக்காகக் கொண்டுவந்தது, வைத்துக்கொள்ளுங்கள் என்றான். அவன் சேர்த்த அத்தனையிலும் அதற்கு ஈடு கிடையாது. பல்கலைக்கழகத்துக்காரர்கள் கேட்டால் குளிரூட்டின அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இங்க வெச்சா மறுபடி தனியாப் போயிடுவா," என்றார் மிஸ் வெர்லீன். "அந்தப் பிள்ளைங்ககிட்டயே குடுத்துடு."

முதுகில் புதிதாக ஓர் ஒட்டுப்பட்டை போட்டு, திங்கட்கிழமை மத்தியானம் நியேவெஸ் வீட்டுப் பிள்ளைகள் பாயில் படுக்கிற நேரத்துக்குள் ஓரின் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.